கடலோர வணிகக் கட்டடங்கள்: படம் பார்த்துக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரத்திலோ கீழக்கரையிலோ புதிதாக ஒரு தங்கும் விடுதியோ ஜவுளிக்கடையோ எழும்புகிறதென்றால், உரிமையாளரின் கைப்பேசியில் சென்னை பழைய மாமல்லபுரம் சாலையிலோ துபாயிலோ உள்ள ஒரு கட்டடத்தின் படம் தயாராக இருக்கும். பிற கட்டடங்களைப் பார்த்து யோசனை பெறுவதில் குற்றமில்லை. அது எந்த வெயிலையும் எந்தக் காற்றையும் கருதிக் கட்டப்பட்டது என்று கேளாமல், முகப்பை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

இங்கே முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது உப்பு. பாம்பன் தீவில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலிலிருந்தும், வாடை வீசும் மாதங்களில் வடகடலிலிருந்தும் உப்பீரம் வருவதால், எந்தப் பக்கத்துச் சுவரும் தப்புவதில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் இடம்பெற்றதற்கு இந்தக் காற்றே காரணம். அப்படியிருக்க, இரும்புச் சட்டங்களை வெளியே தெரியவிட்டுக் கறுப்புச் சாயம் பூசும் நகரத்துப் பாணியை இங்கே கொண்டுவந்தால், ஒவ்வொரு திருகின் தலைக்குக் கீழும் செம்பழுப்புக் கோடு வழியத் தொடங்கும். கைப்பிடிகளுக்கு 304 ரக எவர்சில்வருக்குப் பதிலாக, மாலிப்டினம் என்னும் உலோகம் கலந்த 316 ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அலுமினியப் பலகையைச் சாதாரண இரும்புத் திருகால் பொருத்தவே கூடாது.

முகப்பு அழகுக்காகப் படங்களில் காணும் மெல்லிய கான்கிரீட் பட்டைகள் இன்னும் பெரிய வம்பு. கடலோரச் சூழலுக்குக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதி, குறைந்தது எம்30 என்னும் வலிமைத் தரக் கான்கிரீட்டையும், கம்பியை மூடும் கான்கிரீட்டாக, அதாவது கவராக, 45 மில்லிமீட்டரையும் கேட்கிறது. மூன்று அங்குலப் பட்டை என்பது ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். இருபுறக் கவருக்கே 90 வேண்டும் என்னும்போது கம்பியை எங்கே வைப்பது? அந்தக் கான்கிரீட்டை உவர்ப்பான போர் தண்ணீரில் கலந்தும் விட்டால் கேட்கவே வேண்டாம். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

முழுக் கண்ணாடி முகப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேற்குப் பார்த்த கடையில் பிற்பகல் வெயில் தாங்காமல், பல ஆயிரம் செலவழித்த கண்ணாடியின் மேலேயே ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டிவிடுகிறார்கள்.

இயற்கைக் குளிர்ச்சிக்குப் புகழ்பெற்ற கட்டடங்களையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற இயலாது. ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் வணிக வளாகம், இரவுக் குளிர்காற்றால் கான்கிரீட்டைக் குளிர்வித்துப் பகல் வெப்பத்தைச் சமாளிக்கிறது. அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவிலும் புழுங்கும் நம் கரையில் அந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. நமக்கு நிழலும் குறுக்குக் காற்றோட்டமுமே கைகொடுக்கும்.

அதற்கு முன்மாதிரி உள்ளூரிலேயே உண்டு. ஆனால் இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தைக் கண்டு வியப்பவர்கள், ஃபைபரில் தூண் செய்து வரவேற்பறைச் சுவரில் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே கற்க வேண்டியது தூணின் வேலைப்பாட்டை அல்ல. உயர்ந்த மேடை, ஆழமான நிழல், சீரான இடைவெளி ஆகியவற்றை. கடை வாசலில் ஆறடி ஆழத் தாழ்வாரம் விட்டாலே அந்தக் குணத்தில் பாதி வந்துவிடும். பழைய கட்டடங்களைப் போலப் பவளக்கல் வேண்டுமென்று சிலர் ஆசைப்படுவதுண்டு. பவளப்பாறைகள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உள்ளலங்காரத்தில் மிகுதியாகக் காணும் பிழை தரை. இராமேசுவரம் விடுதிகளுக்கு வரும் யாத்திரிகர்கள் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு, பெரும்பாலும் ஈர உடையோடும் வெறுங்காலோடும் திரும்புகிறார்கள்; அவர்களில் முதியவர்கள் பலர். பெருநகர நட்சத்திர விடுதியைப் பார்த்துப் போட்ட பளபளப்பான டைல்ஸ் அந்த ஈரத்தில் வழுக்கும்; மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையில் செய்த வரவேற்பு மேசையின் அடிப்பகுதி உப்பி விரியும். வாசலிலேயே தண்ணீர் வடிய மூடிபோட்ட கால்வாய், அறை வரைக்கும் சொரசொரப்பான கல் தரை, படிக்கட்டின் இருபுறமும் கைப்பிடி, ஈரத்துணி காயக் காற்று புகும் ஒரு தாழ்வாரம் ஆகியவற்றை வரைபடத்திலேயே குறித்துவிட்ட பிறகு விளக்கையும் வண்ணத்தையும் தேர்ந்தெடுக்கலாம்.