விசாரிக்காமல் கொடுக்கிற காணிக்கை

எங்கள் அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார். பானை நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்றால் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும். மிசோரத்திலும் 1910 முதல் இதே வழக்கம் உண்டு. அங்கே பெண்கள் சேர்க்கும் அரிசியை விற்றுக் கிடைக்கும் பணம் இன்றும் மிசோ சபைகளின் மிஷனெரிப் பணியைத் தாங்குகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஏழை நாடுகளில் நடக்கும் ஊழியத்துக்கும் தர்மகாரியங்களுக்கும் போகிற பணம் எல்லாமே வசதியானவர்களின் மிச்சப் பணம் என்று நினைக்க வேண்டாம். அதில் யாரோ ஒரு தாய் தன் வீட்டுச் சோற்றிலிருந்து எடுத்து வைத்ததும் இருக்கிறது. அது தப்பான இடத்துக்குப் போனால் எனக்கு வலிக்கிறது. பதினைந்து வருடமாக எங்கள் சபையின் மிஷன் கமிட்டியில் இருக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் சில நாங்களே செய்தவை.

யாக்கோபு நிருபத்தில் ஒரு வசனம் உண்டு. 'திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்' சுத்தமான பக்தி என்கிறது. விசாரிப்பது என்றால் வேதாகமத் தமிழில் பராமரிப்பது. நம் அன்றாடப் பேச்சில் கேட்டுத் தெரிந்துகொள்வது. நாங்கள் முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த வசனம் பிள்ளையையும் விதவையையும் சேர்த்தே சொல்கிறது. நாமோ பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு தாயை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு நாங்கள் மாதாமாதம் பணம் அனுப்பினோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வேன் பிடித்துப் போய்ப் பார்த்தோம். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள், நாங்கள் கேக் வெட்டினோம், படம் எடுத்தோம். கிளம்பும் நேரத்தில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மாவையும் அடுத்த தடவை கூட்டிட்டு வருவீங்களா?" என்று கேட்டாள். அம்மா இருக்கிறாளா என்று திகைத்துப் போனேன். அங்கிருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். பள்ளிக்கு அனுப்ப வழியில்லாததால் விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க நாங்கள் அனுப்பிய தொகையில் அந்தக் குடும்பமே பிழைத்திருக்கும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. உலகம் முழுவதும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாகக் குழந்தைகள் நல அமைப்புகள் மதிப்பிடுகின்றன. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்று பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு காத்மாண்டு இல்லங்களில் கொண்டுபோய் விட்டார்கள். நன்கொடை தருகிறவர் எதிர்பார்ப்பது அனாதையை என்பதால், தாய் தகப்பன் இருந்த பிள்ளைகளும் அனாதைகள் ஆக்கப்பட்டார்கள். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அனாதைகள் கூடியதால் அல்ல, வெளிநாட்டு உதவியும் பார்வையாளர்களும் கூடியதால்.

ஹைட்டியில் நடந்தது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2010 ஜனவரி 12 அன்று அங்கே பூகம்பம். அந்த மாதக் கடைசியில் அமெரிக்க பாப்டிஸ்டு சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, உரிய காகிதங்கள் இல்லாமல், எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குப் போக முயன்றபோது கைது செய்யப்பட்டார்கள். அனாதைகளைக் காப்பாற்றப் போனதாகத்தான் அவர்கள் சொன்னார்கள். ஆனால் பிள்ளைகளின் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பி, இடிந்த வீட்டு வாசலிலிருந்து தாங்களே கையில் ஒப்படைத்தவர்கள். கைதானவர்களுடைய இரக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் அந்தக் கிராமத்தில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளை உங்களோடேயே இருக்க என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் பேருந்துக்கு வேலையே இருந்திருக்காது.

சரி, ஏற்கெனவே ஓர் இல்லத்தைத் தாங்குகிறவர்கள் என்ன செய்யலாம்? திடீரென்று பணத்தை நிறுத்தாதீர்கள், அதில் அடிபடப் போவதும் பிள்ளைகள்தான். இந்தியாவில் என்றால் 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவு பெற்றிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், கடந்த வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று கேளுங்கள். அந்தச் சட்டமே இல்லத்தைக் கடைசி வழி என்றுதான் சொல்கிறது. பிள்ளையைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் தரும் மிஷன் வாத்சல்யா திட்டம் அரசிடமே இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க உதவுவதும் ஊழியம்தான்.

அடுத்தது குறுகிய காலப் பயணங்கள். இரண்டு வாரம் போய்ச் சுவருக்கு வண்ணம் பூசிவிட்டு வருவது. 1998-இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸை நாசமாக்கியபோது வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழுக்கள் போய் வீடு கட்டின. பயணச் செலவையும் சேர்த்தால் அந்த வீடு ஒன்றுக்கு 30,000 டாலர் ஆனதாகவும், உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் அதே மாதிரி வீட்டை 2,000 டாலரில் கட்டியதாகவும் பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது. போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்ளப் போகிறோம் என்றால் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். உள்ளூர்க் கொத்தனார் சும்மா உட்கார்ந்திருக்க, செங்கல் தூக்கத் தெரியாத நாம் போய்த் தூக்க வேண்டாம்.

கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் உள்ள இந்த உறவுச் சிக்கலை அன்றே உலக மேடையில் சொன்னவர் நம் ஊர்க்காரர். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனெரிகளின் முன் நின்று பேசினார். பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கேட்டவர்களில் பலருக்குக் கோபம் வந்தது. அவர் சும்மா பேசியவரும் இல்லை. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். அந்தச் சங்கத்தின் பணி நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்குப் போனது. அசரியாவும் தெலுங்கு கற்றுக்கொண்டு, அங்கேயே பிஷப்பாகி, கடைசிவரை அந்த மக்களோடு இருந்தார்.

இனி பொருள்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போனவர்களுக்குச் சாலையோரத்தில் குவிந்து கிடந்த பழைய துணிகள் நினைவிருக்கும். கிழிந்த சட்டையை வாங்க மீனவக் குடும்பங்கள் மறுத்ததைச் சிலர் திமிர் என்றார்கள். எல்லாவற்றையும் இழந்தவருக்கு மானம் மட்டும்தான் மிச்சம், அதையும் விடச் சொல்வது என்ன நியாயம்? அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு சுமார் 4,000 டன் மருந்துகள் போய்க் குவிந்தன. பலவற்றின் பெட்டிகளில் அங்குள்ள செவிலியர் படிக்கக்கூடிய மொழியில் ஒரு வரியும் இல்லை. அவற்றை அழிப்பதே தனிச் செலவானது. மருந்து அனுப்புவதானால் வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும், அவர்கள் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1990-களிலேயே விதிமுறை வகுத்துவிட்டது. முடிந்தவரை பணமாக அனுப்புங்கள். அரிசியும் துணியும் அந்த ஊர்க் கடையில் வாங்கினால் அந்தக் கடைக்காரரும் பிழைப்பார்.

கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது இன்னொரு தவறு. இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அடிபம்பு. 1960-களின் வறட்சிக் காலத்தில் மகாராஷ்டிரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் நிறையத் தோண்டினார்கள். மேலே பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு வீட்டுக்கு ஆனவை. ஊரே வரிசையில் நின்று அடித்ததும் உடைந்தன. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் இருந்த மிஷன் பட்டறைக்காரர்கள் அங்கேயே இருந்ததால் உடைவதைக் கண்ணால் பார்த்தார்கள். எஃகில் செய்து பார்த்தார்கள், உடைந்ததும் மாற்றிச் செய்தார்கள். அந்தச் சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாக வைத்து 1970-களில் யூனிசெஃபும் அரசும் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தியா மார்க் 2. நம் தெருமுனைகளில் நின்ற அதே பம்பு இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் தண்ணீர் தருகிறது. பம்போடு சேர்த்து, ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஒரு பழுதுபார்க்கும் குழு என்ற ஏற்பாடும் தமிழ்நாட்டில் வந்தது. அந்த ஏற்பாடு இல்லாமல் பம்பை மட்டும் நட்டுவிட்டு, பித்தளைப் பலகையில் கொடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டு வந்த இடங்களும் ஆப்பிரிக்காவில் ஏராளம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சகாராவுக்குத் தெற்கே உள்ள கிராமங்களில் மூன்றில் ஒரு பம்பு வேலை செய்யவில்லை. ஆகவே கிணற்றுக்குப் பணம் கேட்டு வந்தால், வாஷர் தேய்ந்தால் யார் மாற்றுவார், வாஷர் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

நிர்வாகச் செலவே இல்லாத அமைப்பைத் தேடி அலைய வேண்டாம். ஊழியருக்குச் சம்பளம் வேண்டும், தணிக்கைக்கும் காசு வேண்டும். தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அழும் குழந்தையின் படமும் ஜிபே எண்ணும் வந்தால் உடனே அனுப்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வெளிநாட்டுத் தமிழர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதை, வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு ஆதாரம்தான். அவர் தர்மகாரியத்துக்கு அனுப்பும் பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் முடியாது. "போதகர் அண்ணன் கணக்குக்கே போட்டுவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அந்த அண்ணனைத்தான் மாட்டிவிடுகிறோம்.

கடைசியாக, சோற்றையும் ஞானஸ்நானத்தையும் கோர்ப்பது. தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தபோது, சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. நான் சுவிசேஷத்தை மறைக்கச் சொல்கிறவன் அல்ல. ஆனால் பசித்தவரிடம் நிபந்தனை வைத்தால் அவருடைய 'ஆம்' என்பதில் சுதந்திரம் இல்லை. செஞ்சிலுவைச் சங்கமும் பிற அமைப்புகளும் 1994-இல் வெளியிட்ட நடத்தை நெறி, உதவியை மதத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்கிறது. அதை உருவாக்கியவர்களில் கத்தோலிக்கரின் உதவி அமைப்பான காரித்தாஸும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. நம் ஆட்களே ஏற்ற நெறி அது.

இப்போது எங்கள் கமிட்டி எதற்குப் பணம் அனுப்பும் முன்பும் களத்தில் இருப்பவரை அழைத்துப் பேசுகிறது. ஒடிசாவில் இருபது வருடமாக இருக்கும் எங்கள் ஊழியரிடம் போன ஜனவரியில், ஒரு சிறுவனுக்குச் செருப்பும் பையும் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம் ஐயா. அவங்க அம்மாவுக்கு விதவை பென்ஷன் வராம நிக்குது. பிளாக் ஆபீசுக்குக் கூடப் போய் எழுதிக் குடுக்க ஒரு ஆள் வேணும்" என்றார். அவரே இரண்டு தடவை கூடப் போய் வந்தார். எங்களுக்கு ஆன செலவு பஸ் கட்டணம் மட்டும். ஏப்ரலிலிருந்து பென்ஷன் வருகிறது, பையன் அம்மாவோடு இருக்கிறான்.