போலீஸ் சுற்றி வளைத்தால்: வடசென்னைப் போராட்டக்காரர்களுக்கான சட்டக் கையேடு

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கல்மண்டபம் பக்கம் பல தெருக்களுக்கு இரண்டே முனைதான். இரண்டிலும் பாரிகேடு போட்டால் உள்ளே இருப்பவர் யாரும் நகர முடியாது, பால் வாங்க வந்தவர் உட்பட. இப்படிக் கூட்டத்தை மடக்கி வைப்பதற்கென்று நம் சட்டத்தில் தனிப்பிரிவு கிடையாது. கலையச் சொல்லலாம், தடுத்து வைக்கலாம், கைது செய்யலாம். மூன்றுக்கும் நிபந்தனைகள் வேறு. நடைமுறையில் போலீஸ் இந்த மூன்றில் எதுவென்று சொல்லாமலே உங்களை நிற்க வைக்கும். எதில் இருக்கிறோம் என்பதைக் கேட்டுப் பதிவு செய்வதுதான் உங்கள் முதல் வேலை.

அனுமதி மனு

சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888, பிரிவு 41-இன் கீழ்தான் ஆர்ப்பாட்டங்களுக்குக் கட்டுப்பாடு. 5 நாள் முன்னதாக மனு கொடுக்கச் சொல்வார்கள். நீங்கள் 10 நாள் முன்பே கொடுங்கள். மறுப்புக் கடிதம் முந்தின நாள் இரவு கைக்கு வந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக நேரமிருக்காது. லஞ்ச் மோஷன் (அன்றே மதியம் அவசரமாக விசாரிக்கக் கோருவது) கேட்டாலும் எல்லா நாளும் கிடைக்காது. மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்வார்த்தையாக மறுத்தால், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். எண்ணூர், மணலி, சாத்தாங்காடு ஆட்கள் வேப்பேரியிலுள்ள சென்னை கமிஷனர் ஆபீசுக்கு அலைய வேண்டாம். அந்த நிலையங்கள் ஆவடி கமிஷனரேட்டில் இருக்கின்றன.

அனுமதி இல்லை என்பதாலேயே அது சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 189-இன்படி 5 பேராவது இருக்க வேண்டும். அந்தப் பிரிவு பட்டியலிடும் நோக்கங்களில் ஒன்றும் இருக்க வேண்டும். தடையுத்தரவை மீறியதாக இப்போது பிரிவு 223 போடுவார்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 188. இந்தக் குற்றத்துக்குச் சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் கையில் எடுக்க முடியும். பழைய 188-இல் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும் போடுகிறார்கள் என்பது வேறு கதை. வழக்கை ரத்து செய்யப் போகும்போது இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும்.

கலையச் சொல்லும்போது

பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 148-இன்படி கலைந்து போக உத்தரவிடக்கூடியவர்கள் நிர்வாக நடுவர், நிலையப் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாத அதிகாரி. ஏட்டு விசில் ஊதி விரட்டுவது இந்த உத்தரவில் சேராது. உத்தரவுக்குப் பிறகும் கூட்டம் கலையவில்லை, அல்லது கலைய மாட்டோம் என்பது நடத்தையில் தெரிகிறது என்றால்தான் பலத்தைப் பயன்படுத்தலாம். 2011 ஜூனில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நள்ளிரவில் விரட்டியதை உச்ச நீதிமன்றம் 2012-இல் கண்டித்தது.

இங்கேதான் சுற்றிவளைப்பின் ஓட்டை இருக்கிறது. கலையச் சொன்னால் வழி விட்டாக வேண்டும். வழியை அடைத்துவிட்டு, கலையவில்லை என்று வழக்குப் போடுவது நிற்காது. அதனால் ஒருவர் வீடியோ எடுக்க, இன்னொருவர் மரியாதையாக, சத்தமாகக் கேளுங்கள்: “சார், நாங்க கிளம்புறோம். எந்தப் பக்கம் வழி?” பாரிகேடு, பதில் சொல்லும் அதிகாரியின் பெயர்ப் பட்டை, தெருப் பெயர்ப் பலகை மூன்றும் படத்தில் விழ வேண்டும். வீடியோவை அப்போதே வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். உள்ளிருந்து 112-க்கும் ஒரு அழைப்பு போடுங்கள். உதவி வராவிட்டாலும், எந்த நேரத்தில் என்ன சொன்னீர்கள் என்பதற்கு அரசுப் பதிவு ஒன்று கிடைக்கும்.

பாரிகேடைத் தள்ளவே கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 189(2), 223, சாலை மறித்ததற்கான 285 எல்லாம் ஜாமீனில் விடக்கூடியவை. தள்ளுமுள்ளில் ஒரு போலீஸ்காரர் மீது கை பட்டால் 132 (அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கத் தாக்குவது) சேரும். அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. காலையில் கோஷம் போட்டவர் இரவில் புழல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் 2001 மே 1 அன்று கூட்டத்தை மணிக்கணக்கில் மடக்கியதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் ஏற்றுக்கொண்டது. வன்முறையைத் தடுக்க வேறு வழி இல்லாத சூழல் என்பதே காரணம். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இங்கே அளவுகோல் பாரதிய நியாய சன்ஹிதாவே. போக உரிமையுள்ள திசையில் ஒருவரை மறிப்பது பிரிவு 126, ஒரு எல்லையைத் தாண்ட விடாமல் அடைப்பது பிரிவு 127. சட்ட அதிகாரம் இல்லாமல் செய்தால் குற்றம். ஆனால் பி.என்.எஸ்.எஸ். 148-இன்படி செய்ததாகச் சொல்லும் அதிகாரி மீது வழக்கு நடத்த அரசின் ஒப்புதல் வேண்டும். கிரிமினல் வழக்கைவிட உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு வேகமாகப் பலன் தருவது அதனால்தான்.

பஸ்ஸில் ஏற்றி மண்டபத்துக்கு

சென்னையில் வழக்கமான முடிவு இது. “செக்யூர்தான், சாயங்காலம் விட்டுடுவோம்” என்பார்கள். எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். பி.என்.எஸ்.எஸ். 170 என்றால் அது முன்னெச்சரிக்கைக் கைது. 24 மணி நேரம்தான் வரம்பு. 172 என்றால் போலீசின் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படாததற்கு அப்புறப்படுத்தியது. அதிலும் நடுவர் முன் நிறுத்த வேண்டும், அல்லது சிறு விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். பஸ்ஸில் ஏற்றிய நேரத்தைப் பேனாவால் கையிலாவது எழுதுங்கள். நீங்கள் சுதந்திரமாக நகர முடியாமல் போன நேரத்திலிருந்துதான் கணக்கு. ஸ்டேஷன் டைரியில் எழுதிய நேரத்திலிருந்து அல்ல.

கைது என்றால் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். சோதனையில் போன், பர்ஸ் எடுத்தால் ரசீது கேளுங்கள். வக்கீல் இல்லாதவர்கள் 15100-ஐ அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உரிமை.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்ய விதிவிலக்கான சூழல், பெண் அதிகாரி, நடுவரின் முன் அனுமதி மூன்றும் வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 43(5). 2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில் ரிப்பன் மாளிகை முன்பிருந்து ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்களை அப்புறப்படுத்தியபோது பலரும் எழுப்பிய கேள்வி இதுதான். இதை மந்திரமாக நம்ப வேண்டாம். இந்த விதி வழிகாட்டும் தன்மையுடையது என்றும், மீறினாலே கைது செல்லாததாகிவிடாது என்றும் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. மீறிய அதிகாரி விளக்கம் சொல்லியாக வேண்டும். அதற்கு நேரக் குறிப்புதான் உங்கள் ஆதாரம்.

அடி பட்டிருந்தால்

வீட்டுக்குப் போய் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டரிடம் “போலீஸ் லத்தியால் அடித்தது” என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். “கீழே விழுந்ததாக” எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஏ.ஆர். காப்பியை (அந்தப் பதிவேட்டின் நகலை) கேட்டு வாங்குங்கள். காயத்தை அன்றும் 3 நாள் கழித்தும் படமெடுங்கள். கன்றிப்போனது அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

ஸ்டேஷனுக்குள் நடந்ததென்றால், சிசிடிவி பதிவைப் பாதுகாக்கக் கோரி உடனே பதிவுத்தபால் அனுப்புங்கள். 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் உச்ச நீதிமன்ற உத்தரவு. கல்யாண மண்டபத்துக்கு அந்த உத்தரவு பொருந்தாது. அங்கே உங்கள் போன் வீடியோதான். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் போக 1 வருடம் கெடு.