பேரனுக்கு ஒரு பேரேடு: டர்பனில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவைக் கணக்கிடுவது எப்படி

என் மகள் செவிலியர். மாப்பிள்ளைக்கு டர்பனின் தெற்கே புராஸ்பெக்டனில் தொழிற்சாலை வேலை. 2023 ஆகஸ்டில் பேரன் பிறந்தான். பிரசவ விடுப்பு முடிய மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் இரவு நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ கடை வேலையை விட்டுவிடேன் அம்மா. கிரெஷுக்குக் கொடுக்கிற பணமாவது மிச்சமாகும்" என்றாள். குழந்தைக் காப்பகத்தை இங்கே கிரெஷ் என்போம்.

"சரி" என்றுதான் வாயில் வந்தது. ஆனால் நான் இருபது வருடமாகத் துணி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் படுத்த பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அன்று போட்ட கணக்கையும், அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். டர்பனில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, ஊரிலிருந்து புதிதாக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலோ, இதே பேச்சு நடக்கும் வீடுகளுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பாட்டியின் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள்

பெரும்பாலான வீடுகளில் கிரெஷ் கட்டணத்தை ஒரு பக்கம் எழுதி, பாட்டிக்கு நேரே பூஜ்யம் போடுகிறார்கள். கணக்கு அங்கேதான் தவறுகிறது. அப்போது நான் முழுநேர வேலைக்கு மாதம் 9,600 ராண்ட் வாங்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் விசாரித்த கிரெஷ்களில் நடுத்தரமான ஒன்றுக்கு மாதம் 2,100 ராண்ட். ஆக, 2,100 ராண்ட் மிச்சம் பிடிப்பதற்காகக் குடும்பம் 9,600 ராண்டை விடப் பார்த்தது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வேலை போனால் யு.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து சில மாதங்களுக்குப் பணம் கிடைக்கும். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு அது கிடைக்காது. முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது ஆக வேண்டும். அதிலும் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். எனக்கு இப்போது 54 வயது. அன்று வேலையை விட்டிருந்தால் எட்டு வருடம் போல என் கையில் எனக்கென்று ஒரு ராண்ட் வராது. ஐம்பதுகளில் இருக்கும் பாட்டியிடம் வேலையை விடச் சொல்வதற்கு முன்னால், அவருக்கு 60 ஆக எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். என் மகளுக்கு அது தெரியவே தெரியாது. சொன்னதும் கண் கலங்கிவிட்டாள்.

மறுநாள் கடை முதலாளியிடம் பேசினேன். திங்கள், புதன், வெள்ளி மதியம் இரண்டு மணி வரை வருகிறேன், 5,800 ராண்ட் கொடுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார். கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தயங்கியே பல பெண்கள் முழுவதுமாக விட்டுவிடுகிறார்கள். கேட்டுவிடுங்கள்.

மற்ற வழிகளுக்கு உண்மையில் என்ன ஆகும்

வீட்டுக்கே ஆள் வைத்தால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்ட் ஆனது; பொதுவாக மார்ச் மாதத்தில் மாற்றுவார்கள். அந்த விகிதத்தில் வாரம் 45 மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 5,614 ராண்ட் வந்தது. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறவருக்கு யு.ஐ.எஃப். பதிவும் செய்ய வேண்டும். அவர் பங்கு நூற்றுக்கு ஒன்று, உங்கள் பங்கு ஒன்று. அந்தந்த வருடத்தின் குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைத்துக் கொடுத்து ஆள் வைக்காதீர்கள். நம் பிள்ளையை வளர்க்கிறவரின் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன.

கிரெஷ் என்றால் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வருடப் பதிவுக் கட்டணம் எவ்வளவு, டிசம்பரில் மூடியிருக்கும் வாரங்களுக்கும் பணம் உண்டா, தாமதமாக அழைத்துப் போனால் என்ன வாங்குவார்கள் என்றும் கேளுங்கள். எங்களுக்கு இடித்தது கடைசிக் கேள்விதான். மகளின் ஷிஃப்ட் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை. கிரெஷ் ஐந்தரைக்கு மூடிவிடும். செவிலியர், காவலர், கடை ஊழியர் குடும்பங்களுக்குக் கிரெஷ் பாதி நாளுக்குத்தான் விடை.

ஆறு குழந்தைகளுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் எதுவானாலும், குழந்தைகள் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அந்தப் பொறுப்பு சமூக நலத் துறையிடமிருந்து கல்வித் துறைக்கு வந்துவிட்டது. சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் போன ஓர் இடத்தில் பதினேழு குழந்தைகளுக்கு ஒரே பெண். சான்றிதழ் "வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். திரும்பி வந்துவிட்டோம்.

கடைசியில் எங்கள் தெருவிலேயே டே மதர் ஒருவர் கிடைத்தார். வீட்டில் வைத்து நான்கைந்து குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்கிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இத்தனை குறைந்த எண்ணிக்கைக்கு அந்தப் பதிவு தேவையில்லை என்பதால் நம் கண்தான் சான்றிதழ். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போனேன். வாசல் கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. தண்ணீர் வாளிக்கு மூடி போட்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது அவர் இடுப்பில் உட்கார்ந்து மசித்த உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் பதறவில்லை, "உள்ளே வாங்கள்" என்றார். அவ்வளவு போதும் எனக்கு. திங்களும் வெள்ளியும் அவரிடம். மாதம் 1,100 ராண்ட்.

புதன்கிழமை சம்பந்தி அம்மா பார்த்துக்கொள்கிறார். அவர் வீடு இஸிப்பிங்கோவில். மாப்பிள்ளை வேலைக்குப் போகும் வழியிலேயே விட்டுவிடுவார். அவருக்கு 63 வயது, முழங்கால் வலி, அதனால் ஒரு நாள்தான். இரண்டு பாட்டிகள் இருந்தால் இருவரையும் கேளுங்கள். ஒருவர் தலையில் மட்டும் வைக்காதீர்கள். கேட்காமல் விட்டால் அதுவும் மனக்குறையாகிவிடும். செவ்வாயும் வியாழனும் முழுதாக என் பொறுப்பு. திங்களும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் நானே அழைத்துவந்து வைத்துக்கொள்கிறேன்.

நோட்டு

கடையிலிருந்து நீலக்கோடு போட்ட நீள நோட்டு ஒன்று கொண்டுவந்தேன். தேதி, குழந்தை வந்த நேரம், போன நேரம், நான் செலவழித்தது என்று நான்கு பத்திகள். மாதக் கடைசி ஞாயிறு காலை மகளும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

2024 மே மாதப் பக்கம் இன்னும் நினைவிருக்கிறது. டயப்பர் 215, காய்ச்சல் மருந்து 48, பழமும் தயிரும் 130, பெட்ரோல் 260. மொத்தம் 653 ராண்ட். பேசிய நேரத்தைத் தாண்டிப் பதினொரு மணி நேரம். மாப்பிள்ளை விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "இதை ஏன் அம்மா அப்போதே சொல்லவில்லை?" என்றார். ஒவ்வொரு முறையும் ஐம்பது ராண்டுக்கு எந்தத் தாய் மகளிடம் வாய் திறப்பாள்? நோட்டு எனக்காகப் பேசியது. அடுத்த மாதத்திலிருந்து டயப்பரும் பாலும் அவர்களே வாங்கி என் வீட்டில் வைத்துவிட்டார்கள். பெட்ரோலும் என் நேரமும் சேர்த்து மாதம் 2,500 ராண்ட் தருகிறார்கள். அதைச் சம்பளம் என்று சொல்ல மகளுக்கு மனமில்லை. "வீட்டுப் பணம்" என்று பெயர் வைத்தோம். பெயர் எதுவானாலும் முதல் தேதியன்று வந்துவிட வேண்டும். கேட்டு வாங்க வைத்தால் அது தர்மமாகிவிடும்.

இழந்த 3,800 ராண்டை அது முழுதாக ஈடுகட்டாது. அது தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். ஊரில் ஆயா என்றால் பால்வாடியில் பிள்ளை பார்க்கிறவர். டர்பன் தமிழ் வீடுகளில் ஆயா என்றால் பாட்டி. பேரன் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான். "பால் வேண்டாம் ஆயா" என்று அவன் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் தமிழில் வந்தது. இந்த ஊரில் அதற்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன். ஆனால் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விடுமுறை நாட்களை முன்பே குறியுங்கள்

2024 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மகள் என்னைக் கேட்காமல் கூடுதல் ஷிஃப்ட் எடுத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கும் அன்று வேலை. காலையிலேயே குளித்து, தளிகைக்கு அரிசி களைந்து வைத்திருந்தேன். கோயிலுக்குப் போக முடியவில்லை. இரவு ஒன்பதரைக்கு வந்தவளிடம் நான் பேசவில்லை. அந்த வாரம் முழுவதும் வீடு இறுகிப்போய் இருந்தது. தவறு என்னுடையதும்தான், சனிக்கிழமை எனக்கு வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது ஜனவரியிலேயே நாள்காட்டியில் புரட்டாசிச் சனிக்கிழமைகள், தைப்பூசம், என் மருத்துவப் பரிசோதனை நாட்கள் எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு விடுகிறோம். மகளின் ஷிஃப்ட் பட்டியல் வந்த அன்றே எனக்கும் ஒரு பிரதி வந்துவிடுகிறது. எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம்: முதலில் டே மதர், அவரிடம் இடமில்லையென்றால் மாப்பிள்ளை விடுப்பு எடுப்பார். மகள் மட்டுமே விடுப்பு எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சட்டம் என்றதும் ஒன்று. 2025 அக்டோபர் 3 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தாய் தந்தை இருவரும் வேலையில் இருந்தால், நான்கு மாதமும் பத்து நாளுமான விடுப்பை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். எங்கள் மாப்பிள்ளைக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது. இனிப் பிள்ளை பெறுகிறவர்கள் தந்தையின் பங்கைத் தாயின் விடுப்புக்குப் பின்னால் வையுங்கள். தலை நின்ற பிள்ளையாகப் பாட்டி கைக்கு வரும். அவருக்கும் இடுப்பு தப்பிக்கும்.

ஒரு பிளாஸ்டிக் உறை

கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஓர் உறை தொங்குகிறது. அதில் பிறப்புச் சான்றிதழ் நகல், மருத்துவக் காப்பீட்டு அட்டை நகல், தடுப்பூசி எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகம், அவசரத்தில் சிகிச்சைக்கு நான் சம்மதிக்கலாம் என்று பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட கடிதம். ஒரு முறை மருத்துவமனை வரிசையில் குழந்தை நெருப்பாய்க் கொதிக்க, "நீங்கள் யார்?" என்று கேட்டபோது கையில் ஒன்றுமில்லாமல் நின்றேன். அன்றிரவே கடிதம் எழுதி வாங்கினேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரில் தனி இருக்கை 2015 மே மாதத்திலிருந்து கட்டாயம். பாட்டியின் காருக்கும் ஒன்று வேண்டும். அதைப் பெற்றோர் செலவில் எழுதுங்கள்.

எத்தனை வருடத்துக்கு என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். பேரன் 2029இல் கிரேட் ஆர் வகுப்புக்கு, அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்புக்கு, போவான். அதுவரை வருடா வருடம் ஜனவரி முதல் ஞாயிறன்று மூவரும் உட்கார்ந்து தொகையையும் நாட்களையும் மாற்றி எழுதி, கீழே கையெழுத்துப் போடுகிறோம். சென்ற முறை பேரனும் பேனாவைப் பிடுங்கி, மூன்று கையெழுத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறான்.