ஆட்டோகேடில் ஹிட்டன் லைன் முழுக்கோடாகத் தெரிந்தபோது

கணினியில் வரைபடம் போட உதவும் ஆட்டோகேட் மென்பொருள் பழகிய புதிதில் 200 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும், துளைகள் கொண்ட வட்டத் தட்டு) வரைந்துகொண்டிருந்தேன். ஹிட்டன் லைன் (மறைந்திருக்கும் விளிம்பைக் காட்டும் விட்டுவிட்ட கோடு), சென்டர் லைன் (மையத்தைக் காட்டும் கோடு) எல்லாவற்றுக்கும் சரியான லைன்டைப்தான், அதாவது கோட்டு வகைதான், கொடுத்திருந்தேன். ஆனாலும் திரையில் அத்தனையும் முழுக்கோடு! நன்றாக ஜூம் செய்து பார்த்தால்தான் கோடு விட்டுவிட்டு இருப்பதே தெரிந்தது.

பயிற்சிக்குக் கொடுத்த ஃபைல் அங்குல டெம்ப்ளேட்டில் உருவானது. அதில் ஹிட்டன் லைனின் ஒரு கீற்று 0.25 அலகு. மெட்ரிக் டெம்ப்ளேட்டில் அதே கீற்று 6.35. அதாவது 25.4 மடங்கு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை மி.மீ. என்ற அதே கணக்கு.

எல்லாக் கோடுகளின் கீற்று அளவையும் மொத்தமாக மாற்றும் எல்டிஸ்கேல் (LTSCALE) என்று டைப் செய்து 25.4 கொடுத்தேன், அப்புறம் திரையைப் புதுப்பிக்கும் ரீஜென் (REGEN). கோடுகள் பிரிந்து தெரிந்தன. சின்னத் துளைகளின் சென்டர் லைன் மட்டும் பழையபடியே நின்றது. கீற்றும் இடைவெளியும் ஒரு சுற்று முழுதாக வருவதற்குள் கோடு முடிந்துவிட்டால் ஆட்டோகேட் அதை முழுக்கோடாகவே காட்டும். அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸில் லைன்டைப் ஸ்கேலை 0.3 ஆக்கியதும் சரியாயிற்று. பாதி அளவுள்ள சென்டர்2 லைன்டைப்பைப் போட்டும் பார்க்கலாம்.

பிரிண்ட் எடுக்கும் தாளை அமைக்கிற லேஅவுட்டில் பிஎஸ்எல்டிஸ்கேல் (PSLTSCALE) என்ற அமைப்பு 1 என்று இருக்கட்டும். வியூபோர்ட்டின் (தாளில் வரைபடத்தைக் காட்டும் சட்டத்தின்) ஸ்கேல் எதுவானாலும் தாளில் கீற்று ஒரே நீளத்தில் விழும்.