தந்தியைப் படித்து 'வாஷிங்டனுக்கு எப்போது தெரியும்' என்று கணக்கிடுவது

1971-இல் கிழக்கு பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) பாகிஸ்தான் ராணுவம் நடத்திய படுகொலை அமெரிக்க அரசுக்கு எப்போது தெரிந்தது என்பதைத் தந்திகளே சொல்லும். முதலில் தலைப்பு வரியின் நேரத்தைப் பிடியுங்கள். டாக்காவிலிருந்து அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் அனுப்பிய 959-ஆம் எண் தந்தியில் 1971 மார்ச் 28, '0540 இசட்' என்றிருக்கும். இசட் என்பது கிரீன்விச் நேரம். ஆறு மணி கூட்டினால் டாக்காவில் காலை 11.40, ஐந்து கழித்தால் வாஷிங்டனில் நள்ளிரவு 12.40. மாலைத் தந்திகளில் இந்தக் கணக்கை விட்டால் தேதியே புரண்டுவிடும்.

அடுத்து, நேரில் கண்டதையும் காதில் விழுந்ததையும் தனித்தனி நிறத்தில் கோடிடுங்கள். இதுதான் பாதி வேலை.

ஏப்ரல் 6-இல் 20 அமெரிக்க அதிகாரிகள் கையெழுத்திட்ட தந்தி, தங்கள் அரசின் கொள்கைக்கு எதிர்ப்பு. முதல் தகவல் அல்ல. பலர் அதையே தொடக்கமாக வைத்து ஒன்பது நாள் பிசகுகிறார்கள். படுகொலைச் சேதி மார்ச் 28-லேயே போயாயிற்று.