துணி துவைக்க எவ்வளவு டிடர்ஜென்ட் போட வேண்டும்?

மூடி நிறைய ஊற்றாதீர்கள். லிக்விட் பாட்டிலின் மூடி முழுக்க வருவது ஒரு துவைப்புக்கான அளவு இல்லை. மூடியின் உள்பக்கம் மங்கலாகக் கோடுகள் இருக்கும், சாதாரண அழுக்குத் துணிக்குப் பெரும்பாலும் அடியில் இருக்கும் கோடே போதும். கோடு கண்ணுக்கே தெரியவில்லை என்றால் அழியாத மார்க்கரால் வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள், அப்புறம் யார் துவைத்தாலும் அளவு மாறாது.

சரி, எவ்வளவுதான் போடுவது? ஃப்ரண்ட் லோட் மெஷினில் முக்கால் டிரம் அளவுக்குத் துணி, அதிக அழுக்கில்லை என்றால் லிக்விட் 2 மேசைக்கரண்டி, அதாவது 30 மி.லி. அரை டிரம்தான் இருக்கிறது என்றால் 1 கரண்டி. டாப் லோட் அதிகத் தண்ணீர் எடுப்பதால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், 3 கரண்டி வரை போகலாம். பவுடருக்கும் இதையே தொடக்க அளவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் செறிவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும், இரண்டு மடங்கு செறிவு என்று போட்டிருந்தால் அளவும் பாதியாகும், அதனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். கையால் துவைப்பதற்கான பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடவே வேண்டாம், அது நிறைய நுரைக்கும்படி செய்யப்பட்டது.

நுரை நிறைய வந்தால் நன்றாகத் துவைக்கிறது என்ற நம்பிக்கைதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். அழுக்கை எடுப்பது நுரை இல்லை. டிடர்ஜென்டில் உள்ள மூலக்கூறுகள் ஒரு முனையால் எண்ணெய்ப் பிசுக்கையும் மறு முனையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு, அழுக்கைச் சுற்றி வளைத்துத் துணியிலிருந்து பிரிக்கின்றன. ஃப்ரண்ட் லோடில் துணி மேலே போய்க் கீழே விழுந்து அடிபடுவதும் சேர்ந்துதான் அழுக்கு போகிறது. நுரை மெத்தை மாதிரி நடுவில் நின்றால் அந்த அடி விழாது. பிரிந்த அழுக்கும் நுரையோடு துணியிலேயே தங்கிவிடும், அலசும் தண்ணீர் அதை முழுதாக எடுத்துப் போகாது. வெள்ளைத் துணி மங்குவது, துவைத்த துண்டு ஈரமானதும் நாறுவது, சிலருக்குத் தோல் அரிப்பது, மெஷினின் கதவு ரப்பரில் வழவழப்பு சேர்வது, இதற்கெல்லாம் பல நேரம் மிஞ்சிய டிடர்ஜென்ட்தான் காரணம். துணி சரியாக வெளுக்கவில்லையே என்று இன்னும் ஒரு கரண்டி கூட்டினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

உங்கள் துணியில் டிடர்ஜென்ட் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, வேறு எதுவும் சேர்க்காமல் நன்றாக அலசுங்கள். நுரை கட்டினால் இத்தனை நாள் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தத் துணிகளை டிடர்ஜென்டே இல்லாமல் ஒன்றிரண்டு முறை மெஷினில் ஓட்டுங்கள், பிறகு இப்போது போடும் அளவில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். துணி சுத்தமாக வருகிறதா, அப்படியே தொடருங்கள். காலர் அழுக்கோ வியர்வை வாடையோ போகவில்லை என்றால் அரைக் கரண்டி ஏற்றிப் பாருங்கள்.

குறைத்துக்கொண்டே போனாலும் தப்புதான். உங்கள் தண்ணீர் கடின நீராக இருந்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் டிடர்ஜென்டின் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சம்தான் அழுக்குக்குப் போகும். அங்கே பாக்கெட்டில் கடின நீருக்கென்று சொல்லியிருக்கும் அளவையே போடுங்கள். கடின நீரா என்று தெரியவில்லையா? ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்து, சாதாரண குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் தண்ணீர் பால் மாதிரி கலங்கித் திரிதிரியாக மிதந்தால் கடின நீர்தான். துண்டு விறைப்பாகக் காய்வதற்கு அதிக டிடர்ஜென்டும் காரணமாக இருக்கலாம், கடின நீரும் காரணமாக இருக்கலாம், அதனால் இந்தச் சோதனையைச் செய்யாமல் அளவை மாற்றாதீர்கள்.

சேறு, எண்ணெய், விளையாட்டுத் துணி என்றால் மொத்த அளவைக் கூட்டுவதைவிட, கறை உள்ள இடத்தில் மட்டும் சில துளி லிக்விடைத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு மெஷினில் போடுவது நல்லது. ஒருமுறை உடுத்திய சட்டைகளுக்குக் குறைவாகவே போதும். டிரம்மை அடைத்துத் திணித்தாலோ எந்த அளவும் வேலை செய்யாது, துணிக்கு மேலே ஒரு கை நுழையும் இடம் விடுங்கள்.

பாட் (pod), அதாவது டிடர்ஜென்டை அளந்து அடைத்த சிறு பொட்டலம், வாங்குபவர்களுக்கு அளக்கும் வேலையே இல்லை, சாதாரண லோடுக்கு ஒன்று. அதை மெஷினின் டிடர்ஜென்ட் தட்டில் வைக்காமல், துணி போடுவதற்கு முன் டிரம்முக்குள் போடுங்கள். குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் வைத்துவிடும் ஆபத்து உண்டு, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.