ஃபீஸ் கட்டினால் மட்டும் ஆங்கிலம் வராது

ரங்கூனில் நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சிங்கப்பூருக்குப் போகலாமா, தாய்லாந்துக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு எழும். உடனே ஐ.இ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கோ, பள்ளியிறுதிக்குச் சமமான ஜி.இ.டி என்ற அமெரிக்கத் தேர்வுக்கோ வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். முதல் வாரம் புது நோட்டு, புதுப் பேனா எல்லாம் இருக்கும். இரண்டாம் மாதத்தில் வகுப்புக்குப் போவதும் வருவதும் மட்டும் நடக்கும். அதற்கு வெளியே ஓர் ஆங்கில வரிகூட கண்ணில் படாது.

ஃபீஸோடு சேர்த்து ஆர்வத்தையும் ஆசிரியர் கையில் ஒப்படைத்துவிடுவதுதான் இதில் பெரிய தவறு. வாரத்துக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் நாலரை மணி. மிச்ச நேரமெல்லாம் வீட்டில் தமிழ், தெருவில் பர்மீஸ். அந்த இரண்டும் புழங்கிப் புழங்கி வந்தவை. பஜாரில் தப்பும் தவறுமாகப் பேசியே பர்மீஸ் கற்ற அம்மாக்கள் எத்தனையோ பேர். ஆங்கிலம் அப்படித் தெருவில் கிடைக்காது. அந்தப் புழக்கத்தை நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வகுப்பு வழி காட்டும், அவ்வளவுதான்.

ஏற்பாடு என்றதும் பலர் டைம்டேபிள் போட உட்காருவார்கள். தினமும் இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை படிப்பு! நம் ஊர் கரண்ட்டை நம்பி இப்படி எழுதுகிறவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். கரண்ட் போன இரவில் படிப்பும் போகும். அது வந்த இரவில் போன் சார்ஜ், மோட்டார், துணி தேய்ப்பது என்று ஆயிரம் வேலை வரிசையில் நிற்கும். கடிகாரத்தை நம்பாமல், எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு படிப்பைக் கட்டிப்போடுங்கள். காலையில் டீ குடித்த கையோடு ஒரு பக்கம் வாசிப்பது, பஸ்ஸில் உட்கார்ந்ததும் காதில் ஹெட்போன் மாட்டுவது, இப்படி. ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்துமுடிக்க வாய்ப்பு அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி இதற்குச் சரியான அளவு, எழுத்து வடிவமும் உண்டு. நெட் நன்றாக இருக்கும்போதே நாலைந்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் திஞ்ஜான் வரும். தண்ணீர்த் திருவிழா, விருந்தாளிகள் என்று ஒரு வாரம் போய்விடும். ‘விட்டுப் போச்சு, இனி அடுத்த கோர்ஸில் பார்க்கலாம்’ என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். திருவிழாவில் விட்டது தவறே இல்லை, திரும்ப எடுக்காததுதான் தவறு. லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரின் அன்றாடப் பழக்கங்களைக் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக 66 நாள் என்பது நடுக்கணக்கு. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை. அவர்கள் பார்த்தது சாப்பாடு, உடற்பயிற்சி போன்றவற்றை, மொழியை அல்ல. இருந்தாலும் 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று மிரட்டுகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

பரீட்சை மார்க்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுவதும் சிக்கல். விசாவுக்காகப் படிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பரீட்சை தேதி தள்ளிப்போனால் ஆர்வமும் கூடவே தள்ளிப்போகும். பக்கத்திலேயே பிடித்தது ஒன்றும் இருக்கட்டும். பிரீமியர் லீக் கால்பந்து பார்க்காத டீக்கடை நம் ஊரில் அபூர்வம். முதல் பாதியை ஆங்கில வர்ணனையில் கேட்டால் என்ன?

பள்ளியில் கோரஸாக ஒப்பித்த பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. சொற்பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்தது போலிருக்கும். நோட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள், பாதி வராது. எரிச்சலாக இருந்தாலும் மனதில் தங்குவது அந்த முறையில்தான்.

கடைசியாக, தன் குரலைத் தானே கேட்காமல் இருப்பது. பர்மீஸில் பெரும்பாலும் சொல்லின் கடைசி மெய்யைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவோம். அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசினால் லைக், லைட், லைஃப் மூன்றும் ஒன்றாகிவிடும். பேசுகிறவருக்கு அது தெரியாது, கேட்கிறவர்தான் முழிப்பார். வாரம் ஒரு தடவை ஒரு நிமிடம் பேசி போனில் பதிவு செய்யுங்கள். முதலில் கேட்கக் கூச்சமாக இருக்கும், அதற்காக அழித்துவிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து புதுப் பதிவோடு வைத்துக் கேட்டால், எந்த ஒலி சரியாகியிருக்கிறது, எது இன்னும் தொண்டையில் நிற்கிறது என்று உங்களுக்கே பிடிபடும்.